அப்டேட் போட்ட பிறகு போன் அடம்பிடித்தால்



இம்முறை நாங்கள் எடுத்துக்கொண்ட விடயம் கையடக்கத் தொலைபேசி. அதிலும் எல்லாத் தோட்டத்திலும் நாங்கள் கேட்கிற ஒரு தொல்லை. ராத்திரி நல்லா இருந்த போன், காலையில் பெரட்டுக்குப் போகும்போது எடுத்துப் பார்த்தால் முகம் மாறிக் கிடக்கிறது. எழுத்து வேறு மாதிரி, படங்கள் வேறு இடத்தில். கையில் பிடிக்க முடியாத சூடு. பத்து மணிக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. வட்ஸ்அப் திறந்தால் மூடிக்கொள்கிறது. "போன் செத்துப்போச்சு" என்று வீட்டில் ஒரே கவலை. அடுத்து நடப்பது என்ன? "நீதான் எதையோ அமுக்கிட்ட" என்று பிள்ளைக்கு நாலு ஏச்சு. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய்க் கடையில் கொடுக்கிறோம். அங்கே, "ரீசெட் அடிச்சாச் சரியாயிடும்" என்கிறார்கள். சரி என்று தலையாட்டுகிறோம். சாயந்தரம் போன் புதுசு போலத் திரும்பி வருகிறது. உள்ளே ஒன்றும் இல்லை.

காலமாகிப்போன தாத்தாவின் ஒரே படம் அதில்தான் இருந்தது. குவைத்திலோ ஜோர்தானிலோ வீட்டு வேலைக்குப் போன அம்மா, பிள்ளைக்குப் பேசி அனுப்பிய குரல் எல்லாம் அதில்தான் இருந்தன. பாடசாலை ஆசிரியர் அனுப்பிய பாடக் குறிப்பு, வங்கியில் இருந்து வந்த செய்தி, பிறப்புச் சான்றிதழைப் பிடித்து வைத்த படம், எல்லாமே போச்சு. இதில் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வேண்டியது, அவற்றை அழித்தது அப்டேட் அல்ல என்பதுதான். அப்டேட்டுக்குப் பிறகு அவசரப்பட்டுச் செய்த வேலைதான் அழித்தது. ஆகவே எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்குத் தள்ளி வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அப்டேட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். போனை இயக்குகிற அடிப்படை மென்பொருள் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் பெரும்பாலான போன்களில் இருப்பது கூகிளின் அண்ட்ராய்ட். அதில் ஓட்டை உடைசல் கண்டுபிடிக்கப்படும்போது, போன் கம்பனி திருத்தி அனுப்புகிறது. சின்னத் திருத்தங்கள் அடிக்கடி வரும். பெரிய மாற்றம் பெரும்பாலும் வருசத்துக்கு ஒரு தடவை. முகம் மாறுவது இந்தப் பெரிய மாற்றத்தில்தான். சாதாரணமாக இந்த அப்டேட் உங்கள் படத்தையோ போன் நம்பர்களையோ தொடாது. உண்மையான அப்டேட் செட்டிங்ஸ் பகுதிக்குள்தான் இருக்கும். படம் பார்க்கும்போது நடுவில் குதித்து, "உங்கள் போனில் வைரஸ், உடனே அப்டேட் செய்யுங்கள்" என்று சொல்வதும், வட்ஸ்அப்பில் யாரோ அனுப்புகிற இணைப்பும் அப்டேட் அல்ல. அதை அமுக்கவே வேண்டாம்.

"அப்படியென்றால் அப்டேட்டே போடாமல் இருந்துவிடலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். அதுவும் சரிவராது. திருத்தம் போடாத போனுக்குள் திருடன் நுழைவது சுலபம். அதோடு மிகப் பழைய மென்பொருளில் சில செயலிகள் வேலை செய்யாமல் போகும். 2023 அக்டோபர் 24ஆம் திகதி முதல், அண்ட்ராய்ட் 5க்குக் கீழே உள்ள போன்களுக்கு வட்ஸ்அப் கைகொடுப்பதை நிறுத்திக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்காக. அப்டேட்டில் வருகிற கோளாறு பல நேரம் அனுப்பியவர்களின் கோளாறாகவே இருக்கும். 2021 மார்ச் 22, 23ஆம் திகதிகளில் உலகம் முழுக்க அண்ட்ராய்ட் போன்களில் ஜீமெயில் உட்படப் பல செயலிகள் திறந்த உடனே மூடிக்கொண்டன. காரணம், வெப்வியூ என்ற ஒரு சின்ன உறுப்புக்கு வந்த பிழையான அப்டேட். கூகிள் திருத்தி அனுப்பியது. பிளே ஸ்டோரில் போய் வெப்வியூவையும் குரோமையும் புதுப்பித்தவர்களுக்குச் சரியாகிவிட்டது. பொறுத்திருந்தவர்களுக்கு ஒரு படமும் போகவில்லை. 2024 அக்டோபரில் சாம்சங்கின் எஸ்10, நோட்10 போன்ற பழைய போன்கள் சில, சாம்சங்கே அனுப்பிய ஓர் அப்டேட்டால் திரும்பத் திரும்ப அணைந்து எரிந்துகொண்டிருந்தன. இவ்வளவு பெரிய கம்பனிகளுக்கே பிழை வருகிறது. பத்து வயதுப் பிள்ளையை ஏசி என்ன பிரயோசனம்?

முதல் இரண்டு நாள்

பெரிய அப்டேட் முடிந்ததும் போன் சும்மா இருப்பதில்லை. உள்ளே இருக்கிற ஒவ்வொரு செயலியையும் புதிய மென்பொருளுக்குப் பொருந்துகிற மாதிரி திரும்ப ஒழுங்குபடுத்துகிறது. படங்களையும் கோப்புகளையும் மறுபடி கணக்கெடுக்கிறது. இதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாது. சூடாகத்தான் தெரியும். சார்ஜ் இறங்குவதாகத்தான் தெரியும். கவாத்து வெட்டிய மலையைப் பார்த்து யாராவது தேயிலை செத்துப்போச்சு என்று சொல்வோமா? போனுக்கும் ஒரு நாள், இரண்டு நாள் கொடுங்கள்.

இந்த இரண்டு நாளில் செய்யக்கூடிய வேலை கொஞ்சம்தான். ராத்திரி போனின் உறையைக் கழற்றிவிட்டுச் சார்ஜில் போடுங்கள். தலையணைக்கு அடியில் வேண்டாம், போர்வைக்குள்ளும் வேண்டாம், காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள். காலையில் ஒரு தடவை முழுதாக அணைத்து, ஒரு நிமிசம் விட்டுத் திரும்ப எரிய வையுங்கள். சிரிக்க வேண்டாம். மாதக்கணக்காக ஒரு தடவைகூட அணைக்காத போன்களை நாங்கள் கண்டிருக்கிறோம். பாதித் தொல்லை இதிலேயே போய்விடும்.

அடுத்தது பிளே ஸ்டோர். போனின் மென்பொருள் புதிதாகிவிட்டது, செயலிகள் பழசாகவே இருக்கின்றன. அப்போது இரண்டுக்கும் ஒத்துப்போகாது. வைபை கிடைக்கிற இடத்தில் வட்ஸ்அப், இமோ, குரோம், வெப்வியூ, வங்கிச் செயலி ஆகியவற்றையாவது புதுப்பியுங்கள். டேட்டா காசு கட்டிச் செய்வதானால் ஒரே நாளில் எல்லாம் வேண்டாம், தேவையானதை மட்டும் செய்யலாம்.

இரண்டு மூன்று நாளுக்குப் பிறகும் சார்ஜ் நிற்காவிட்டால், செட்டிங்ஸில் பெட்டரி என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தச் செயலி எவ்வளவு தின்கிறது என்று அங்கே இருக்கும். சிக்னல் குறைந்த மலையில் போன் ஓயாமல் டவரைத் தேடிக்கொண்டே இருப்பதாலும் சார்ஜ் குறையும். கொழுந்தெடுக்கப் போகிற மலையில் சிக்னலே இல்லை என்றால் பிளைட் மோடில் போட்டு வைப்பது நல்லது.

சில நேரம் குற்றவாளி மென்பொருளே அல்ல, பழைய பெட்டரிதான். 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பனி ஒரு விடயத்தை ஒப்புக்கொண்டது. பெட்டரி தேய்ந்துபோன பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருப்பதற்காக, அப்டேட் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். யாரிடமும் தெளிவாகச் சொல்லவில்லை. பெட்டரியை மாற்றியவர்களுக்குப் போன் பழையபடி ஓடியது. நமது போனின் முதுகுப் பக்கம் வீங்கி, மூடி தள்ளிக்கொண்டு நின்றால், அதைச் சார்ஜில் போடுவதை உடனே நிறுத்துங்கள். அது தீப்பிடிக்கக்கூடியது. அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இடம் இல்லாத போன்

வட்ஸ்அப் குழுக்களில் விடிந்தால் ஒரு ரோஜாப்பூ, "காலை வணக்கம்". அந்திக்கு ஒரு விளக்கு, "இரவு வணக்கம்". நடுவில் தேர்தல் வீடியோ, கோயில் திருவிழா வீடியோ. அன்பாக அனுப்புகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனையும் உங்கள் போனில் இடம் பிடிக்கின்றன. 32 ஜீபீ போனில் மென்பொருளே நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும், புதியது வந்தால் இன்னும் கூடவே எடுக்கும். மிச்ச இடம் நிரம்பியதும் போன் முக்கி முனகத் தொடங்கும். வட்ஸ்அப்புக்குள் செட்டிங்ஸில், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற இடத்தில் மேனேஜ் ஸ்டோரேஜ் என்று உண்டு. பெரிய வீடியோக்களை வரிசையாகக் காட்டும். வேண்டாததைப் பார்த்துப் பார்த்து அழியுங்கள். மொத்தமாகத் தெரிவு செய்து அழிக்க வேண்டாம், அந்தக் குப்பைக்குள்தான் மகளின் பரிசளிப்பு விழாப் படமும் கிடக்கும்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு செயலி சரியாக ஓடாவிட்டால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியில் அந்தச் செயலியைத் திறந்து ஸ்டோரேஜ் என்பதை அமுக்கினால் இரண்டு பொத்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று கிளியர் கேச். மற்றது கிளியர் டேட்டா, சில போனில் கிளியர் ஸ்டோரேஜ் என்று இருக்கும். கேச் என்பது செயலி தன் வசதிக்குச் சேர்த்து வைத்த தற்காலிகச் சாமான். அதை அழித்தால் ஒன்றும் கெடாது, திரும்பச் சேர்ந்துகொள்ளும். டேட்டா என்பது உங்கள் சாமான். வட்ஸ்அப்பில் கிளியர் டேட்டாவை அமுக்கினால் செய்திகள் போனில் இருந்து போய்விடும், நம்பரை முதலில் இருந்து பதிய வேண்டும். யாராவது யூடியூப்பில் பார்த்துவிட்டு "ரெண்டையும் அமுக்குங்க அண்ணே" என்றால், முதலாவதை மட்டும் அமுக்குங்கள்.

அம்மாவின் குரல் கேட்கவில்லை

வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகளில் இருந்து வருகிற முதல் முறைப்பாடு இது. இமோவில், வட்ஸ்அப்பில் அழைப்பு வருகிறது, ஆனால் நாம் பேசுவது அங்கே கேட்கவில்லை. அல்லது அழைப்பு வந்ததே தெரியவில்லை, திறந்து பார்த்தால்தான் தவறிய அழைப்பு இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார்? வீட்டில் என்னமோ நடந்துவிட்டது என்று ராத்திரி முழுக்கத் தூங்கமாட்டார். இது பெரும்பாலும் ஐந்து நிமிச வேலை.

குரல் போகாவிட்டால் மைக் அனுமதியைப் பாருங்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்தச் செயலி, பெர்மிஷன்ஸ். மைக்ரோபோன் என்பதற்கு அனுமதி இருக்க வேண்டும். 2020இல் வந்த அண்ட்ராய்ட் 11 முதல், பல மாதம் திறக்காத செயலிகளின் அனுமதியைப் போன் தானாகவே எடுத்துவிடுகிறது. அது பாதுகாப்புக்காகச் செய்வது, கோளாறு அல்ல. மணி அடிக்காவிட்டால் அதே இடத்தில் நோட்டிபிகேஷன் திறந்திருக்கிறதா பாருங்கள். டூ நொட் டிஸ்டர்ப் எரிகிறதா என்றும் பாருங்கள். பிறகு பெட்டரி. அப்டேட்டுக்குப் பிறகு சில போன்கள் சார்ஜை மிச்சம் பிடிக்க, பின்னால் ஓடுகிற செயலிகளைத் தூங்க வைத்துவிடும். அந்தச் செயலியின் பெட்டரிப் பகுதியில் அன்ரிஸ்ட்ரிக்டட் என்று போட்டுவிட்டால் அழைப்பு நேரத்துக்கு வரும்.

சாதாரண அழைப்பே போகவில்லை, டேட்டாவும் இல்லை என்றால், பிளைட் மோடைப் போட்டு அரை நிமிசத்தில் எடுங்கள். சிம்மைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போடுங்கள். அதே சிம்மைப் பக்கத்து வீட்டுப் போனில் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. அங்கேயும் வேலை செய்யாவிட்டால் கோளாறு சிம்மிலோ டவரிலோ, உங்கள் போனைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரயோசனமில்லை. அங்கே வேலை செய்தால், உங்கள் போனில் நெட்வேர்க் வகை மாறியிருக்கலாம், அல்லது ஏபிஎன் என்ற டேட்டா விபரம் அழிந்திருக்கலாம். சிம் கம்பனிக்கு அழைத்தால் சரியான ஏபிஎன்னைச் செய்தியாக அனுப்பச் சொல்லலாம். கடைசியாக ரீசெட் நெட்வேர்க் செட்டிங்ஸ் என்று ஒன்று உண்டு. பெயரில் ரீசெட் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். அது வைபை பாஸ்வேர்டுகளையும் புளூடூத் இணைப்புகளையும்தான் மறக்கும், படத்தைத் தொடாது.

கம்பனிப் பெயரோடு நின்றுவிட்டால்

எரியும்போது கம்பனிப் பெயர் வந்து அப்படியே நிற்கிறது, அல்லது அணைந்து அணைந்து எரிகிறது. இதுதான் எல்லாரையும் பயமுறுத்துவது. முதலில் ஒரு மணித்தியாலம் சார்ஜில் விடுங்கள். பிறகு அணைக்கிற பொத்தானையும் சத்தம் குறைக்கிற பொத்தானையும் சேர்த்து, இருபது விநாடி வரை விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். பல போன்கள் இதில் திரும்ப எரியும். அப்படி எரிந்து, திரும்பவும் தொல்லை கொடுத்தால் சேப் மோட் என்ற வழி உண்டு. அணைக்கிற பொத்தானைப் பிடித்து, திரையில் வருகிற பவர் ஆப் என்ற எழுத்தின் மீது விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் கேட்கும். அந்த முறையில், நாம் பிறகு போட்ட செயலிகள் ஓடாது. எதுவும் அழியாது. அப்போது போன் ஒழுங்காக இருந்தால், நாம் போட்ட செயலி ஏதோ ஒன்றுதான் காரணம். கடைசியாகப் போட்டதில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

இதற்கு மேல் ரெக்கவரி என்ற கறுப்புத் திரை இருக்கிறது. கேச் அழிக்கிற வரியும் போனையே வெறுமையாக்குகிற வரியும் அதில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒரு வரி பிசகினால் போச்சு. அதில் வீட்டில் கை வைக்க வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

கடையில் கொடுக்கும் முன்

கடைத் தம்பிமார் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ரீசெட் அடிப்பது பத்து நிமிசம், கோளாறைத் தேடுவது ஒரு மணித்தியாலம். காத்திருக்கிற போன்களோ இருபது. ஆகவே நாம்தான் கேட்க வேண்டும்: "தம்பி, உள்ளே இருக்கிறத அழிக்காமச் செய்ய முடியுமா? அழிக்கிறதா இருந்தா எங்கிட்டக் கேட்டுட்டுச் செய்யுங்க." பழைய மென்பொருளையே திரும்பப் போட்டுத் தருகிறோம் என்று சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்கள், அதுவும் பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் நடக்கும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீசெட்தான் வழி என்று ஆகிவிட்டால், போன் எரிகிற நிலையில் இருக்கும்போதே படங்களை மெமரி கார்டுக்கோ கம்பியூட்டருக்கோ எடுக்கச் சொல்லுங்கள். போன் நம்பர்கள் சிம்மில் இருக்கின்றனவா, கூகிள் கணக்கில் இருக்கின்றனவா, போனில் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். போனில் மட்டும் இருந்தால் போய்விடும். வட்ஸ்அப் ஒவ்வொரு நாளும் அதிகாலை இரண்டு மணிக்குச் செய்திகளின் பிரதி ஒன்றை எடுக்கிறது. அந்தப் பிரதியும் அதே போனுக்குள்தான் இருக்கிறது, ரீசெட்டில் சேர்ந்தே போகும். ஆகவே அதை வெளியே எடுக்க வேண்டும், அல்லது வட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட் பேக்கப் என்ற இடத்தில் கூகிளுக்கு அனுப்ப வேண்டும். கூகிள் சும்மா கொடுக்கிற இடம் 15 ஜீபீ. படங்களைக் கணக்கில்லாமல் இலவசமாக வைக்கலாம் என்றிருந்த வசதி 2021 யூன் 1ஆம் திகதியோடு நின்றுபோனது.

இப்போது எல்லாவற்றிலும் பெரிய தொல்லைக்கு வருவோம். அண்ட்ராய்ட் போன்களில் 2015 முதல் ஒரு திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்கிறது. ரெக்கவரி வழியாக ரீசெட் அடித்தால், போன் திரும்ப எரியும்போது, முன்பு அதில் இருந்த கூகிள் கணக்கையும் பாஸ்வேர்டையும் கேட்கும். சில போன்களில் பழைய திரைப் பூட்டையும் ஏற்றுக்கொள்ளும். இரண்டும் தெரியாவிட்டால் திறக்காது. திருடனுக்கு வைத்த பூட்டு, சொந்தக்காரருக்கே விழுகிறது. ஏனென்றால் நம் வீடுகளில் பல போன்களின் கூகிள் கணக்கு, போன் வாங்கிய அன்று கடையில் யாரோ ஒருவர் அவசரத்துக்குத் திறந்து கொடுத்தது. அல்லது, இப்போது கொழும்பில் வேலை செய்கிற மகன் அப்போது திறந்தது. பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகமில்லை.

ஆகவே போன் நல்லா இருக்கும்போதே, இன்று அந்திக்கே, செட்டிங்ஸில் கூகிள் என்ற பகுதியைத் திறந்து எந்தக் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். முன்பின் தெரியாத பெயராக இருந்தால், பிள்ளைகளைக் கொண்டு உங்கள் சொந்த நம்பரில் புதுக் கணக்கு ஒன்று திறந்து, படங்களையும் போன் நம்பர்களையும் அதற்கு மாற்றிவிட்டுப் பழையதை எடுத்துவிடுங்கள். உங்களுடைய கணக்குத்தான், பாஸ்வேர்ட் மட்டும் மறந்துபோச்சு என்றால், போன் கையில் எரிந்துகொண்டிருக்கும்போது புதியது வைப்பது சுலபம். பூட்டிய பிறகுதான் கஷ்டம். கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கிற பெட்டியில் வையுங்கள். போனுக்குள்ளேயே எழுதி வைத்துப் பிரயோசனமில்லை, போன் உறைக்குள் மடித்து வைப்பதோ ஆபத்து.

ரீசெட்டுக்குப் பிறகு வட்ஸ்அப்பைத் திரும்பப் பதியும்போது ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதை நீங்களே அடியுங்கள். அந்த நேரம் பார்த்து யாராவது அழைத்து, "தப்பா உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருச்சு, சொல்லுங்க" என்றால், எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் சொல்ல வேண்டாம். சொன்னால் உங்கள் வட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடும்.

அடுத்த அப்டேட் வரும்போது, பெரிய மாற்றம் என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் போடலாம். பிழை இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். லேட்டர் என்ற பொத்தானை அமுக்குவதில் தப்பே இல்லை. சின்னப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். போடுகிற நாளில் பாதிச் சார்ஜுக்கு மேல் இருக்கட்டும், நடுவில் அணைக்க வேண்டாம். மழை நாளில் கரண்ட் போய் வருகிறது, நாளைக்குப் பிள்ளைக்குப் பரீட்சை விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்றால், அன்றைக்கு வேண்டாம். போன் வாங்கிய பற்றுச்சீட்டும் அந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும். உத்தரவாதக் காலம் முடியாத போனை வேறு கடையில் திறந்தால், கம்பனிக்காரர் பிறகு கையில் வாங்கமாட்டார்.